வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு: ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து ஆணையர் உத்தரவு வரை

பவர் பிரஸ் இயந்திரத்தில் வலது கையின் நான்கு விரல்களையும் பறிகொடுத்த ஓர் இளைஞரின் காகிதங்களை அவருடைய மனைவி ஒரு துணிக்கடைப் பையில் போட்டு எங்கள் தொழிற்சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், இரண்டு மாதச் சம்பளக் கவர்கள். அவற்றுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு தாள்: ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். அதில் மருத்துவர் எழுதியிருந்த வரி, 'வீட்டில் கிரைண்டரில் கை சிக்கியதாகச் சொல்லப்படுகிறது.'

சொன்னது யார்? கூட வந்த சூப்பர்வைசர். அடிபட்டவர் அரை மயக்கத்தில் கிடந்தார். மனைவி அப்போது வந்துசேரவே இல்லை. "கம்பெனியில் நடந்தது என்று சொன்னால் போலீஸ் வரும், கேஸ் ஆகும், சிகிச்சை தாமதமாகும் அம்மா. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிறகு அவரையும் சமாதானப்படுத்தியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பொய் என்று நிரூபிக்கத்தான் வழக்கில் பாதிக் காலம் போனது. விரல்கள் போனதைப் பற்றி யாரும் சந்தேகம் கிளப்பவில்லை. எங்கே போயின என்பதுதான் தகராறு.

பெரும்பாலானவர்கள் வழக்கறிஞரைத் தேடி வரும்போது மூன்று, நான்கு காகிதங்களில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வருகிறார்கள். எல்லாம் முடிந்து, முதலாளி கையை விரித்த பிறகு போகவேண்டிய கடைசி இடமாக வழக்கறிஞரை நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றிப் போடுகிறது.

முதல் நாள்: ஆஸ்பத்திரியில் என்ன எழுதப்படுகிறது?

விபத்து, வெட்டு, தீக்காயம் என்று வருகிறவர்களை அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். இதைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். காயம் எப்படி ஏற்பட்டது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் அழைத்துவந்தார் என்பவை அதில் இருக்கும். அடிபட்டவருக்கு நினைவிருந்தால் அவரே வாய்திறந்து சொல்ல வேண்டும்: இன்ன நிறுவனத்தில், இன்ன இயந்திரத்தில், வேலை செய்துகொண்டிருந்தபோது. நினைவில்லை என்றால் வீட்டார் முந்திக்கொள்ள வேண்டும். தவறாக எழுதியிருப்பது அன்றைக்கே தெரிந்தால், பணியிலிருக்கும் மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்து அதையும் பதியச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார் என்பார்கள்.

அடுத்தது காவல் நிலையம். நிறுவனத்தில் இன்ன நேரத்தில் இன்னபடி விபத்து நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகல். போடவில்லை என்றால் தமிழ்நாட்டில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கிடைக்கும். முதலாளியை ஜெயிலில் தள்ளும் நோக்கம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அது வேறு விஷயம். தேதியும் இடமும் அரசுக் காகிதம் ஒன்றில் ஏறவேண்டும், அதுதான் காரியம்.

கைப்பேசி இருக்கிறவர்கள் இயந்திரத்தையும் அந்த இடத்தையும் படம் எடுத்துவைக்கட்டும். மறுநாளே பாதுகாப்புக் கவசம் புதிதாகப் பொருத்தப்பட்டுப் பளபளக்கும், பலமுறை பார்த்தாகிவிட்டது. உடன் வேலை செய்தவர்களில் இரண்டு பேர் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போனவராக இருந்தால் இன்னும் நல்லது, அவருக்குப் பயம் குறைவு.

நியமனக் கடிதம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். தினக்கூலி, வாரக்கூலி, 'டெம்பரரி' என்ற காரணங்களுக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது. தற்காலிக வேலைக்காரர்களை விலக்கிவைத்த வாசகம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. வேலை செய்தீர்கள் என்பதைக் காட்ட, வங்கிக் கணக்கில் வந்த கூலி, கைப்பேசியில் வந்த பணப்பரிமாற்றச் செய்தி, மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'நாளை காலை 7 மணிக்கு வா', வாயிற்கதவில் காட்டும் அடையாள அட்டை என எதுவும் உதவும். அந்தப் பையில் வந்த இரண்டு கவர்களின் மேல் பென்சிலால் எழுதியிருந்த தொகைதான் கடைசியில் சம்பளத்துக்குச் சாட்சியானது.

எந்தக் கதவைத் தட்டுவது?

வழக்கறிஞர் உங்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இ.எஸ்.ஐ. பிடித்தார்களா?" அதாவது, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் சந்தா பிடித்தார்களா என்று. அதைக் கேட்காமலே கட்டணம் பேசுகிறவரிடம் கொஞ்சம் நிதானியுங்கள்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளும் கடைகளும் பொதுவாக இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகின்றன, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் காப்பீட்டாளர்கள். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். நீங்கள் காப்பீட்டாளர் என்றால் வேலை விபத்துக்கான பணம் இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்துதான் வரும், அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் விழுந்துவிடுகிறது. ஆனால் இ.எஸ்.ஐ. மோசமான ஏற்பாடு இல்லை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம், நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு நிர்ணயிக்கும் சதவீதப்படி வாழ்நாள் முழுவதும் மாதப் பணம், இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை, கூடவே சிகிச்சை. வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உரிமை உண்டு.

நிறுவனம் விபத்து அறிக்கையைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பியதா என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். அனுப்பாமல் இருப்பதும், விபத்துக்கு மறுநாள் அவசரமாகப் பெயரைப் பதிந்து அட்டையைக் கையில் கொடுப்பதும் நடக்கிறது. அட்டையில் இருக்கும் பதிவுத் தேதியைப் பாருங்கள். மருத்துவக் குழு போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு. வழக்கறிஞர் உதவி தேவைப்படுவது அங்கேதான்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு, அதாவது கட்டடத் தொழிலாளி, லாரி கிளீனர், சிறு பட்டறை ஊழியர், செங்கல் சூளைத் தொழிலாளி போன்றவர்களுக்கு, ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்தான் கதவு. 1923ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஏறத்தாழ நூறாண்டு நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்துவிட்டது. அடிப்படை மாறவில்லை, இழப்பீட்டு மனுவை விசாரித்து உத்தரவிடும் அதிகாரிக்கு ஆணையர் என்ற பெயருக்குப் பதில் 'தகுதி பெற்ற அதிகாரி' என்று எழுதியிருக்கிறார்கள். பழக்கம் கருதி இங்கே ஆணையர் என்றே சொல்கிறேன். உங்கள் விபத்து அந்தத் தேதிக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து எந்தச் சட்டத்தின் பிரிவுகளை மனுவில் எழுதுவது என்பது மாறும். வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

வாகன ஓட்டுநர்கள், கிளீனர்களுக்கு மூன்றாவது கதவும் உண்டு: மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். இழப்பீட்டுச் சட்டம், தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தீர்ப்பாயத்தில் சம்பள உச்சவரம்பு இல்லை, தொகை கூடுதலாக வரலாம். ஆனால் பொதுவாக எதிராளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஓட்டிய நீங்களே மரத்தில் மோதியிருந்தால் இழப்பீட்டுச் சட்டம்தான் காப்பாற்றும். எங்கே போவது என்பதை மனுப் போடுவதற்கு முன் முடிவு செய்யுங்கள். போட்டபின் மாற்றுவது பெரும்பாடு.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் இப்போது வழி இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003இல் அதிகாலை 3 மணிப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலையோடு தொடர்புடையவை என்றால் அதுவும் வேலை விபத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. புதிய தொகுப்புச் சட்டத்தில் இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள்.

கணக்கு: எவ்வளவு வரும்?

இதை நீங்களே போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் "ஒரு லட்சம் தருகிறோம், முடித்துக்கொள்" என்று வருகிறவருக்குப் பதில் சொல்ல முடியும்.

மூன்று எண்கள் வேண்டும்: மாதச் சம்பளம், வயது, வேலைத்திறன் இழப்பு எத்தனை சதவீதம். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு; 8,000 ரூபாயாக இருந்ததை 2020 ஜனவரியில் மத்திய அரசு 15,000 ஆக்கியது. வயதுக்கு ஒரு பெருக்கு எண் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது: 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. நிரந்தர முழு ஊனம் என்றால் சம்பளத்தின் 60 சதவீதத்தையும், இறப்பு என்றால் 50 சதவீதத்தையும் அந்த எண்ணால் பெருக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகை இறப்புக்கு 1,20,000 ரூபாய், முழு ஊனத்துக்கு 1,40,000 ரூபாய்.

அந்த இளைஞரைப் போன்ற ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 30, சம்பளம் 18,000, கணக்குக்கு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அதை 207.98ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் அட்டவணைப்படி 50 சதவீதம். ஆக 9,35,910 ரூபாய். இதே ஆளின் சம்பளம் 9,000தான் என்று நிறுவனத்தின் பதிவேடு சொன்னால்? தொகை 5,61,546 ஆகச் சுருங்கிவிடும். பென்சிலால் எழுதிய அந்தக் கவர்களின் மதிப்பு 3,74,364 ரூபாய். சம்பளச் சான்று, சம்பளச் சான்று என்று வழக்கறிஞர்கள் உயிரை எடுப்பது இதற்காகத்தான்.

50 சதவீதத்தோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. 1968இல் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். கைக்கு இத்தனை சதவீதம் என்று அட்டவணையைக் காட்டினார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இவருக்கு இழப்பு முழுமையானது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழங்கால் வரை வலது காலை இழந்த டேங்கர் லாரி ஓட்டுநருக்கும் 2008இல் இப்படியே 100 சதவீதம் கிடைத்தது. ஆகவே மருத்துவர் தரும் ஊனச் சதவீதம் ஒன்று, உங்கள் தொழிலைப் பொறுத்த வேலைத்திறன் இழப்பு இன்னொன்று. நல்ல வழக்கறிஞர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடுவார்.

தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு, 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். இவற்றோடு சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவையும் கேட்கலாம். மருந்துக்கடை ரசீது ஒன்றைக்கூடத் தூக்கிப்போட வேண்டாம்.

சட்ட உதவி எங்கே கிடைக்கும்?

ஆணையர் முன் வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி உங்களுக்காக ஆஜராகலாம். ஊரில் நல்ல சங்கம் இருந்தால் முதலில் அங்கே போங்கள் என்பது என் கட்சி. சங்கத்துக்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்தப் பகுதி நிறுவனங்களின் நடத்தை, சாட்சி சொல்லத் துணிபவர்கள், எந்த முதலாளி எந்தக் கட்டத்தில் இறங்கிவருவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சங்கம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, யாருக்கு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்று பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அதில் வருகிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு வரம்பு உண்டு. கணவரை இழந்த பெண் என்றால் எந்தக் கேள்வியும் இல்லாமல் தகுதி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு. தொலைபேசியில் 15100. ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

இலவசம் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார்கள் என்ற பேச்சு உண்டு. சிலர் அப்படித்தான். ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை என்றால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வேறொருவரைக் கேளுங்கள்.

தனியார் வழக்கறிஞரிடம் போவதானால், தொழிலாளர் வழக்குகளையே நடத்துகிறவரைத் தேடுங்கள். சொத்து வழக்கில் சிங்கமாக இருப்பவர் இங்கே பெருக்கு எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார். முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: இந்த மாதிரி வழக்கு எத்தனை நடத்தினீர்கள், என் வழக்கில் பலவீனமான இடம் எது, வாய்தாவுக்கு நீங்களே வருவீர்களா, ஜூனியர் வருவாரா, கட்டணம் எவ்வளவு, எப்போது. பலவீனம் எதுவும் இல்லை, கண்டிப்பாக ஜெயித்துவிடலாம் என்று முதல் நாளே சொல்கிறவரைவிட, ஏ.ஆர். காப்பியைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர் மேல்.

கட்டண விஷயத்தில் ஒரு செய்தி பரவலாகத் தெரிவதில்லை. 'வருகிற தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு' என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடை செய்கின்றன. நடைமுறையில் 20, 30 என்று பேசுவது காதில் விழத்தான் செய்கிறது. ரூபாய்க் கணக்கில் ஒரு தொகையைப் பேசி, எழுதி வாங்குங்கள். ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்கே வந்து, வழக்கு நடத்த அதிகாரம் தரும் வெற்று வக்காலத்துப் படிவத்திலும் வெள்ளைத்தாளிலும் கையெழுத்துக் கேட்கும் தரகர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பேனாவைத் தொட வேண்டாம். ஏற்கெனவே ஒருவருக்கு வக்காலத்துக் கொடுத்துவிட்டு வேறொருவருக்கு மாற வேண்டுமென்றால், முதலாமவரின் ஆட்சேபமின்மைக் கையெழுத்து தேவைப்படும். அதற்காகவே சிலர் கோப்பைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். ஆகவே கொடுக்கும் ஒவ்வொரு காகிதமும் நகலாக இருக்கட்டும், அசல் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

நோட்டீஸும் மனுவும்

விபத்து பற்றி முதலாளிக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர், விபத்து நடந்த தேதி, இடம், காரணம் என்று எளிய தமிழில் ஒரு பக்கம் போதும். ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணெதிரே நடந்த விபத்துக்கு நோட்டீஸ் வரவில்லை என்று முதலாளி தப்பிக்க முடியாது என்றாலும், அனுப்பிவிட்டால் ஒரு வாதம் குறையும்.

கோரிக்கை மனுவுக்கு இரண்டு ஆண்டு அவகாசம்: விபத்து நடந்த நாளிலிருந்து, இறந்தால் இறந்த நாளிலிருந்து. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம். மன்னிப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். "நிரந்தர வேலை போட்டுத் தருகிறேன், பொறு" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு ஆண்டைக் கழித்துவிட்ட முதலாளிகள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த மனுக்களைத் தொழிலாளர் துறையின் துணை ஆணையர் நிலையில் உள்ள அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம். வேறு மாநிலத்தில் கட்டட வேலைக்குப் போய் அடிபட்டுத் திரும்பியவர் சொந்த மாவட்டத்திலேயே வழக்கு நடத்த முடியும் என்பது பெரிய வசதி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

மனுவில் யார் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். காண்ட்ராக்டர், அவருக்கு வேலை கொடுத்த முதன்மை நிறுவனம், காப்பீட்டு நிறுவனம், மூவரையும் சேர்க்க வேண்டும். சிறு காண்ட்ராக்டர் விபத்து நடந்த மறுவாரமே ஊரைவிட்டுப் போய்விடுவார். தன் தொழிலுக்காக அவர் மூலம் ஆள் வைத்த முதன்மை நிறுவனம் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. வயதுக்கு ஆதார் மட்டும் போதும் என்று விட்டுவிடாமல் பள்ளிச் சான்றிதழையும் வையுங்கள். ஐந்து வயது கூடினால் பெருக்கு எண் குறையும். பலருடைய ஆதாரில் ஜனவரி 1 என்று ஏதோ ஒரு பிறந்த தேதிதான் இருக்கிறது.

விசாரணையில் எதிர்த்தரப்பு என்ன சொல்லும்?

"அவர் கவனக்குறைவாக இருந்தார்." சொல்லட்டும். இந்தச் சட்டத்தில் தொழிலாளியின் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது, முதலாளியின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. வேலையின்போது, வேலை காரணமாக நடந்த விபத்து என்பது போதும்.

"குடித்திருந்தார்", "ஹெல்மெட்டை வேண்டுமென்றே கழற்றினார்." இவை சட்டம் ஏற்கும் வாதங்கள்தான். ஆனால் நிரூபிக்கும் பாரம் அவர்களுடையது. இறப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் இந்த வாதங்களே எடுபடாது. சாராய வாசனை என்று ஏ.ஆர். காப்பியில் எதுவும் எழுதாதபோது, பின்னால் வந்து சொல்லும் சூப்பர்வைசரை நல்ல குறுக்கு விசாரணை சாய்த்துவிடும்.

"இவர் எங்கள் ஆளே இல்லை." இதுதான் அதிகம் வரும். வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி உங்கள் தரப்பு மனுக் கொடுக்க வேண்டும். அந்த இளைஞரின் வழக்கில் நிறுவனம் கொண்டுவந்த பதிவேடு முழுவதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் எழுதியது போல இருந்தது. பக்கத்தில் ஒரு டீக் கறைகூட இல்லை. பிரஸ் ஷாப்பில் மூன்று ஆண்டு கிடந்த நோட்டு அப்படி இருக்குமா என்று எங்கள் வழக்கறிஞர் மேலாளரிடம் கேட்டார். பதில் வரவில்லை.

நீங்கள் கூண்டில் ஏறும்போது கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். பாத்திரம் பிடிக்க முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, கையெழுத்து இப்போது எந்தக் கையில் என்று நாள் வாழ்க்கையைச் சொல்லுங்கள். மருத்துவக் குழுவின் முன்னாலும் அப்படியே. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னது. நிஜத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

சமாதானம் பேச வந்தால்

சமாதானமே கூடாது என்று சொல்ல மாட்டேன். நியாயமான தொகை என்றால் இழுபறியைவிட மேல். ஆனால் தொகை ஒப்பந்தம் ஆணையரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்றோ மிரட்டி வாங்கியது என்றோ பட்டால் அவர் பதிய மறுக்கலாம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கியது, சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்யும் அளவுக்குச் செல்லாது. அப்படி ஒரு பத்திரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் வழக்கறிஞரைப் பாருங்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.

இறப்பு வழக்கில் இன்னும் கண்டிப்பு. இழப்பீட்டுத் தொகையை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். காரியத்தன்று வந்து மனைவி கையில் கொடுத்த பணத்தை இழப்பீடு கொடுத்ததாகக் கணக்குக் காட்ட முடியாது. முன்பணமாகக் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு, அதுவும் மூன்று மாதச் சம்பளம் வரைதான். மைத்துனர், சித்தப்பா என்று யாராவது குறுக்கே வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

உத்தரவு வந்த பிறகு

இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்கப்பட வேண்டிய கடன். தச்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதையும்தான். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. நாம் போட்ட 9,35,910 ரூபாய்க்கு ஓர் ஆண்டு வட்டி மட்டும் 1,12,309 ரூபாய். தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்திருந்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். அது முதலாளியின் பையிலிருந்து போக வேண்டியது, காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது. வட்டியும் அபராதமும் வேண்டும் என்று மனுவிலேயே எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும். முதலாளி போவதானால் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிய சான்றோடுதான் போக முடியும். கட்டவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை என்றால் நிலவரி பாக்கியை வசூலிப்பதைப் போல வசூலிக்கக் கேட்டு ஆணையரிடம் மனுக் கொடுக்க வேண்டும்; இதற்குத் தானாக எதுவும் நடக்காது, நீங்கள்தான் நடக்க வேண்டும்.

பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரும். இழப்பீட்டுத் தொகையைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது, வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. குழந்தைகளின் பங்கை ஆணையர் அவர்கள் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வார். கணக்குத் திறக்கும்போது கைப்பேசி எண்ணாக உங்கள் எண்ணையே கொடுங்கள். அந்த இளைஞர் வங்கிப் படிவத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். பழைய கணக்கிலிருந்த கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காசாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆணையர் உத்தரவின் சான்றிட்ட நகலையும் ஊனச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மறுநாள் மேலாளரைப் பார்த்தோம். புதிய மாதிரிக் கையெழுத்து அட்டையில் மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாவது கொஞ்சம் நேராக வந்தது.